கூகையின் இரத்தம் உறையுமா?

ஈப்போவில் உள்ள கால்நடை ஆராய்ச்சிக் கழகம் 1948 முதல் இயங்கி வருகிறது. கோழிக்கும் மாட்டுக்கும் பன்றிக்கும் வரும் நோய்களை அடையாளம் காண்பதும் அவற்றுக்குத் தடுப்பூசி தயாரிப்பதும் அதன் அன்றாட வேலை. 1998இல் ஈப்போவைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில்தான் நிப்பா காய்ச்சல் முதலில் கிளம்பியது. அது அடங்குவதற்குள் மலேசியாவில் 265 பேரைத் தாக்கி, 105 பேரைக் கொண்டுபோய்விட்டது. 2004இல் கிளந்தானில் தலைகாட்டிய பறவைக் காய்ச்சல் 2006இல் பேராக்குக்கும் வந்தது. இவற்றையெல்லாம் பார்த்த ஊர் என்பதால், விலங்கு மருத்துவத்தின் அருமையை ஈப்போவுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த மருத்துவத்தில் பறவை என்றாலே பெரும்பாலும் கோழிதான். மலேசியாவில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு 1970களின் தொடக்கத்தில் செர்டாங்கில் ஆரம்பமானது. இன்று புத்ரா பல்கலைக்கழகம் என்று அறியப்படும் அந்த இடத்தின் பெரும் சாதனைகளில் ஒன்று, வெயிலில் கெடாத வி4 தடுப்பு மருந்து. கம்பத்துக் கோழிகளை ராணிக்கெட் நோயிலிருந்து காக்க, ஊசியே போடாமல் தீவனத்தோடு கொடுக்கும்படி அதை உருவாக்கினார்கள். அப்துல் லத்தீஃப் இப்ராஹிம், அய்னி இதெரிஸ் என்ற மலேசிய விஞ்ஞானிகளும் ஆஸ்திரேலியாவின் பீட்டர் ஸ்ப்ராட்புரோவும் சேர்ந்து செய்த வேலை அது. குளிர்பெட்டி இல்லாத ஏழைக் குடும்பத்தின் நான்கு கோழிகளையும் மனதில் வைத்துச் செய்த அறிவியல் என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு.

கோழி மருத்துவம் மந்தைக்கான மருத்துவம். பண்ணைக் கொட்டகையில் பத்துக் கோழி செத்தால் ஒன்றை அறுத்துப் பார்த்து நோயைக் கண்டுபிடித்து, மீதி இருபதாயிரத்தையும் காப்பாற்றுவார்கள். அங்கே அதுதான் சரி. அதே மருத்துவரிடம் ஒருநாள் காலையில் மெகி அட்டைப்பெட்டி ஒன்று வந்து சேர்கிறது என்று வையுங்கள். உள்ளே ஒற்றைக் கூகை. இதய வடிவத்தில் வெள்ளை முகம், கறுத்த கண்கள், தொங்கிய இடது சிறகு. அறுத்துப் பார்த்து அறிந்துகொள்ள இன்னொன்று கிடையாது. நோயறிதல், சிகிச்சை, பிழைப்பு எல்லாம் இந்த ஓர் உயிருக்குள்தான் நடந்தாக வேண்டும். ஐந்து வருடப் படிப்பில் நாய், பூனை, மாடு, குதிரை, கோழி என்று பார்த்து வந்தவருக்கு, அடுத்த பத்து நிமிடங்களில் கை சரியாக வேலை செய்ய வேண்டுமானால் தனிப் பயிற்சி வேண்டும்.

அந்தப் பயிற்சியின் முதல் பாடம், தொடாமல் இருப்பது. காட்டுப் பறவை தன் நோயை மறைக்கும். சோர்ந்து தெரிந்தால் இரை ஆகிவிடுவோம் என்பது அதன் பிறவிக் கணக்கு. அது வெளிப்படையாகச் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறது என்றால், மறைக்கும் தெம்பும் போய்விட்டது என்றே பொருள். மனிதக் கை என்பது அதற்குக் கொன்று தின்ன வந்த விலங்கின் கை. பிடித்த பயத்திலேயே இதயம் நின்றுபோகும் பறவைகள் உண்டு. ஆகவே பெட்டியைத் திறந்ததும் கையை விடாமல், கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டும். நிற்கிறதா, மூச்சுக்கு வால் மேலும் கீழும் ஆடுகிறதா, இரண்டு கண்ணும் ஒரே அளவு திறந்திருக்கின்றனவா, எச்சம் என்ன நிறம்? பிறகு பெட்டியை மூடி, இருட்டாக, வெதுவெதுப்பாக, சத்தமில்லாத அறையில் வைத்துவிட வேண்டும். அடிபட்ட உயிர் வந்ததும் மேசையில் கிடத்தி ஊசி போடப் பழகிய கைக்கு இந்தக் காத்திருப்பு எளிதில் வராது.

அடுத்தது பிடிக்கும் முறை. நமக்கு மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் இருக்கிறது. பறவைக்கு அது கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். துள்ளுகிறதே என்று மார்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால், கழுத்தைத் தொடாமலே மூச்சை அடைத்துவிடுவோம். நுரையீரலோடு காற்றுப் பைகளும் சேர்ந்து உடம்பெங்கும் பரவியிருக்கின்றன. சில எலும்புகளுக்கு உள்ளேகூட அந்தக் காற்று போகிறது. நரம்பு கிடைக்காத விலங்குக்கு எலும்புக்குள் ஊசி செலுத்தித் திரவம் ஏற்றுவது உலகெங்கும் உள்ள அவசர முறை. பறவையின் மேற்கை எலும்பிலோ தொடை எலும்பிலோ அதைச் செய்தால் திரவம் நேராகக் காற்றுப் பைக்குள் இறங்கும். தரையில் வைத்தே அதை மூழ்கடித்ததாக ஆகிவிடும். முன்கையின் அல்னா எலும்பிலோ கணுவுக்கு மேலுள்ள கால் எலும்பிலோதான் ஏற்ற வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்தவர் பரீட்சையில் சரியாக எழுதுவார். இரவு பதினொரு மணிக்கு, உயிர் போய்க்கொண்டிருக்கும் பறவையை வைத்துக்கொண்டு நினைவுக்குக் கொண்டுவர, அதைக் கையால் செய்து பார்த்திருக்க வேண்டும்.

கோழியைத் தெரிந்தவர் ஆந்தையிடம் தடுமாறும் இடங்கள் இன்னும் உண்டு. கோழிக்குக் கழுத்தடியில் தீனிப்பை இருக்கிறது. குழாய் வழியே கொடுத்த நீராகாரம் அதில் தங்கி மெல்ல இறங்கும். ஆந்தைக்குத் தீனிப்பையே இல்லை. அதே அளவைக் கொடுத்தால் மேலேறி மூச்சுக்குழலுக்குள் போய்விடும். பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாக வந்த ஆந்தைக்கு, பாவம் என்று முழு எலியைப் போடுவதும் ஆபத்து. முதலில் வெதுவெதுப்பான திரவம், பிறகு ரோமமும் எலும்பும் நீக்கிய சிறு இறைச்சித் துண்டுகள், சில நாள் கழித்துத்தான் முழு இரை. கண்ணை எடுத்துக்கொண்டால், நாய்க்கும் மனிதருக்கும் கண்பாப்பாவை விரிக்கப் போடும் அட்ரோபின் சொட்டு மருந்து பறவையிடம் வேலை செய்யாது. பறவையின் கருவிழித் தசை வேறு வகை, அதைப் பறவை தன் இஷ்டப்படி சுருக்கி விரிக்கும். ஆனாலும் மோதி விழுந்த ஆந்தையின் கண்ணுக்குள் பார்க்காமல் விடக்கூடாது. வெளியே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே இரத்தம் தேங்கியிருப்பது அடிக்கடி நடப்பதுதான்.

கூகையை இந்த அத்தியாயத்தின் நோயாளியாக நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் பேராக்கின் மண். 1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் அங்கே கிழமரமாக நிற்கிறது. அதற்குப் பிறகு இந்த மாநிலத்தின் மலையடிவாரமெங்கும் பால்மரத் தோட்டங்கள் எழுந்தன, லயங்கள் எழுந்தன, தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தன. செயற்கை ரப்பர் வந்து விலை சரிந்ததும், 1960களிலிருந்து பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனையை நட ஆரம்பித்தார்கள். மரம் மாறியதும் அந்த நிலத்தில் வாழும் உயிர்களும் மாறின. ரப்பரில் எலிக்குத் தின்ன அதிகம் இல்லை. செம்பனையிலோ எண்ணெய் வழியும் பழக்குலை ஆண்டு முழுதும் மரத்திலேயே இருக்கிறது. எலி பெருகியது. எலியின் பின்னாலேயே கூகையும் வந்தது.

1960களின் கடைசி வரை மலாயாத் தீபகற்பத்தில் கூகை அரிதான பறவை. செம்பனைத் தோட்டங்கள் பரவப் பரவ அதுவும் பரவியது. எலி பிடிப்பதில் அதற்கு நிகரில்லை. அதன் இரண்டு காதுத் துளைகளும் ஒரே உயரத்தில் இல்லை. அதனால் சத்தம் இடமா வலமா என்பதோடு, மேலிருந்தா கீழிருந்தா என்பதையும் இருட்டிலேயே கணக்கிடும். கலிஃபோர்னியாவில் மசகாசு கொனிஷி பல ஆண்டுகள் ஆராய்ந்து விளக்கிய விஷயம் இது. ஒரு ஜோடி, தன் குஞ்சுகளோடு சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 எலிகளைத் தின்னும் என்று மலேசியத் தோட்டங்களில் நடந்த ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. இந்தக் கணக்கு புரிந்ததும் தோட்டங்களே கம்பம் நட்டு, மரப்பெட்டி பொருத்தி, கூகைக்கு வீடு கட்டிக் கொடுத்தன. சாக்குருவி அலறினால் வீட்டில் சாவு விழும் என்று நம் பாட்டிமார் பயந்த பறவைக்கு, செம்பனைத் தோட்டத்தில் நிர்வாகமே பெட்டி வைத்து வரவேற்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஆனால் பெரும்பாலான தோட்டங்கள் கூகையை மட்டும் நம்பி இருப்பதில்லை, மருந்தும் வைக்கின்றன. ஒவ்வொரு செம்பனையின் அடியிலும் ஒரு மருந்துக் கட்டி. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை ஆள் சுற்றிவந்து, தின்னப்பட்ட இடத்தில் புதிது வைப்பார். தின்றது நூற்றுக்கு இருபதுக்கும் கீழே இறங்கினால் அந்தச் சுற்று முடிந்தது. முதலில் வார்ஃபரின் இருந்தது. அதற்கு எலிகள் பழகிப்போனதும் 1980களில் ப்ரோடிஃபாகூம், ப்ரோமடியோலோன் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்துகள் வந்தன. மருந்து மாற்றிய ஒரு தோட்டத்தில் கூகைகள் இருந்த இடம் தெரியாமல் குறைந்துபோனதை ஜே. இ. டக்கெட் 1984இலேயே எழுதினார். மருந்து தின்ற எலியைத் தின்றால் கூகைக்கு என்ன ஆகும் என்பதை மலேசிய ஆய்வாளர்கள் கூண்டுக் கூகைகளிடம் நேரடியாகச் சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். விஷம் இரைவழியே ஏறுகிறது என்பது அதில் தெளிவாகவே தெரிந்தது.

இந்த விஷம் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் நம் அட்டைப்பெட்டி நோயாளியைப் புரிந்துகொள்ள முடியும். இரத்தம் உறையத் தேவையான புரதங்களில் சிலவற்றைக் கல்லீரல் வைட்டமின் கே துணையோடு செய்கிறது. ஒருமுறை வேலை செய்து முடித்த வைட்டமின் கே செல்லாததாகிவிடும். அதைப் புதுப்பித்து மறுபடி வேலைக்கு அனுப்ப ஒரு நொதி இருக்கிறது. எலி மருந்து முடக்குவது அந்த நொதியைத்தான். உடனே ஒன்றும் நடக்காது. ஏற்கெனவே செய்துவைத்த புரதக் கையிருப்பு தீரும்வரை, அதாவது சில நாட்களுக்கு, எலி வழக்கம்போல நடமாடும். பிறகு தளரும், பகலிலும் வெளியே வரும், ஓட மாட்டாது. வேட்டைக்காரப் பறவைக்கு அதைவிடச் சுலபமான இரை ஏது? ஓர் எலி பெரும்பாலும் கூகையைக் கொல்லாது. ஆனால் இரண்டாம் தலைமுறை மருந்துகள் கல்லீரலில் மாதக்கணக்கில் தங்குபவை. இன்று ஒன்று, நாளை இரண்டு என்று சேர்ந்துகொண்டே போகும்.

இப்போது பெட்டிக்கு வருவோம். தொங்கும் சிறகைப் பார்த்ததும் லாரியில் மோதியிருக்கும் என்று தோன்றும். மோதியும் இருக்கலாம். ஆனால் ஏன் மோதியது? உள்ளே இரத்தம் கசிந்து தளர்ந்த பறவைதான் சாலையைத் தாழ்வாகக் கடக்கும், லாரி வெளிச்சத்தில் விலகத் தெரியாமல் நிற்கும். செம்பனைப் பகுதியிலிருந்து வந்த கூகையை, வேறு காரணம் உறுதியாகும்வரை விஷமேறிய நோயாளியாகவே நடத்த வேண்டும் என்பேன். வாயைத் திறந்து பார்த்தால் ரோஜா நிறம் இருக்க வேண்டிய இடம் வெளுத்திருக்கும். சிறகின் அடியில், அடிபட்ட அளவுக்குப் பொருந்தாத பெரிய ஊதாத் திட்டு. இறகு உதிர்ந்த துளையிலிருந்து நிற்காத கசிவு. இதைக் கவனிக்காமல், பறவையிடம் இரத்தம் எடுக்க வழக்கமாகத் தேடும் வலதுபக்கக் கழுத்து நரம்பில் ஊசி இறக்கினால், எடுத்த இடத்திலேயே இரத்தம் கட்டிப் பறவை மேசைமேல் சாகும். அரைக் கிலோ சொச்சம் எடையுள்ள உடம்பில் மொத்த இரத்தமே சுமார் ஐம்பது மில்லிதான். ஆகவே காலின் உட்புற நரம்பில், விரலால் அழுத்தி நிறுத்தக்கூடிய இடத்தில் சில துளி மட்டும் எடுத்து, அது எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்க வேண்டும். எலும்பு முறிவு காத்திருக்கும்.

மாற்று மருந்து உண்டு. வைட்டமின் கே1, தோலுக்கடியில் ஊசியாகவோ வாய்வழியாகவோ. இங்கேயும் கோழிப் பழக்கம் குறுக்கே வரும். பண்ணைக் கடையில் தீவனத்தோடு கலக்கச் சுலபமாகக் கிடைப்பது கே3. இந்த விஷத்துக்கு அது உதவாது. கே1 கொடுத்து இரண்டே நாளில் பறவை தலைநிமிர்ந்து சீறும், கொத்த வரும். அதைப் பார்த்து மருந்தை நிறுத்தினால் கல்லீரலில் தங்கிய விஷம் மறுபடி தலைதூக்கும். மூன்று, நான்கு வாரம், தேவையானால் அதற்கும் மேல், விடாமல் கொடுக்க வேண்டும். நன்றாகிவிட்டது என்று எல்லோரும் சொல்லும் நாளுக்குப் பிறகும் மருந்து கொடுக்கும் பிடிவாதத்தையும் மாணவர் கற்றாக வேண்டும்.

மருத்துவரே கொடுத்த மருந்து பறவையை அழித்த கதையையும் மாணவர் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் 1990களில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. மாட்டின் வலிக்குப் போட்ட டிக்ளோஃபெனாக், அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தை அழித்தது என்பதை 2004இல்தான் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் நிறுவினார்கள். 2006இல் இந்தியா அதை மாட்டு மருந்தாகப் பயன்படுத்தத் தடை விதித்தது. அதற்குள் சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் போய்விட்டன. நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருப்பவற்றை இன்றும் எண்ணி எண்ணிக் காத்துவருகிறார்கள். எந்த மிருக வைத்தியரும் கழுகைக் கொல்ல நினைக்கவில்லை. மாட்டுக்குப் போடும் ஊசி எந்த வயிற்றில் போய் முடியும் என்பதை யாரும் சொல்லிக் கொடுக்காததுதான் கோளாறு.

முறிவுக்கு வருவோம். பறவையின் எலும்பு மெல்லியது, ஆனால் வேகமாகக் கூடும். மூன்று வாரத்தில் பெரும்பாலும் இணைந்துவிடும். அந்த வேகமே தொல்லையும் தரும். கோணலாக விட்டால் கோணலாகவே கூடி, பறப்பு போய்விடும். நாய்க்குக் கால் சற்று வளைந்து கூடினாலும் நொண்டிக்கொண்டு நிம்மதியாக வாழும், வீட்டில் சோறு கிடைக்கும். காட்டுப் பறவைக்கு நூற்றுக்குத் தொண்ணூறு பறப்பு என்று ஒன்று கிடையாது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1974இல் தொடங்கிய வேட்டைப் பறவை மையத்தில் பாட்ரிக் ரெடிக் வளர்த்தெடுத்த முறை இன்று உலகெங்கும் கற்றுத் தரப்படுகிறது. எலும்புக்குள் ஒரு கம்பி, வெளியே குறுக்குக் கம்பிகள், இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுவார்கள். மூட்டுக்கு மிக அருகில் முறிந்து, எலும்பு வெளியே காய்ந்து கறுத்திருந்தால் எந்தக் கம்பியும் உதவாது. அப்போது வலியில்லாமல் முடித்துவைப்பதுதான் சிகிச்சை. இளம் மருத்துவருக்கு இதைச் சொல்லிக்கொடுப்பது எல்லாவற்றையும்விடக் கடினம். ஒற்றைச் சிறகோடு கூண்டில் பதினைந்து வருடம் உட்கார வைப்பதைக் கருணை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இந்தக் கல்வியை எங்கே பெறுவது? பேராக்கின் தெற்கே சுங்காயில் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் தேசிய மீட்பு மையம் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட எந்தப் பறவையையும் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. மருந்தகத்துக்கு வந்த பறவையையும் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். வடமேற்கே கோலாகுலாவின் அலையாத்திக் கரையில் 1980களில் நூற்றுக்கு மேல் இருந்த பால்நிற நாரைகள் அருகிப்போக, தேசிய விலங்குக்காட்சிசாலையில் பிறந்தவற்றைக் கொண்டுவந்து விட்டார்கள். நீர்ப்பறவையைத் தொடும் எவரும் கையுறை, முகமூடி, தனியறை ஆகியவற்றைப் பறவைக் காய்ச்சலின் பாடமாகக் கற்றிருக்க வேண்டும். கூண்டுப்பாட்டுக்காகப் பிடிபட்டு மீட்கப்படும் முராய் பத்து போன்ற சிறு பாட்டுப் பறவைகள் தனி உலகம், அவற்றுக்கு இன்னோர் அத்தியாயம் வேண்டும். பாடப்புத்தகத்தில் உள்ள அத்தனையும் இந்த ஒரு மாநிலத்துக்குள் உயிரோடு இருக்கிறது. மாணவர்களை இங்கே வாரக்கணக்கில் தங்கவைத்து, செத்துப்போன பறவைகளில் முதலில் கைபழக்கி, பிறகு உயிருள்ளவற்றிடம் விட வேண்டும்.

தோட்டத்து ஆட்களுக்கும் பயிற்சி தேவை. பெட்டியிலிருந்து விழுந்த கூகைக் குஞ்சைக் கம்பிக் கூண்டில் போட்டால் ஒரே இரவில் சிறகு முனைகளைக் கிழித்துக்கொள்ளும். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி போதும். சோறு, பால், ரொட்டி எதுவும் வேண்டாம், தண்ணீரை வாயில் ஊற்றவும் வேண்டாம். அடிபடாத குஞ்சு என்றால் ஏணி வைத்துப் பெட்டிக்குள்ளேயே திருப்பி வைத்துவிடலாம். மனிதன் தொட்டால் தாய் ஒதுக்கும் என்பது வெறும் நம்பிக்கை. வீட்டில் கொஞ்சி வளர்த்தால்தான் அது பாழாகும். மனிதனைத் தன் இனமென்று நினைத்துக்கொண்ட ஆந்தை காட்டில் ஜோடி சேராது.

குணமான கூகையைப் பெரிய பறப்புக் கூடத்தில் விட்டு, சத்தமில்லாமல் திரும்புகிறதா, உயரே ஏறுகிறதா, இருட்டில் இரையைத் தானே பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். தேறிவிட்டால், பிடித்த அதே தோட்டத்தில், மழையில்லாத மாலையில் விடுவதுதான் முறை. விடுவதற்கு முன்னால் மருத்துவர் தோட்ட அலுவலகத்துக்கு ஒரு போன் செய்து, அந்தப் பிளாக்கில் எலி மருந்துச் சுற்று எப்போது முடிந்தது, அடுத்தது எப்போது, என்ன மருந்து என்று கேட்க வேண்டும். சுற்று நடந்துகொண்டிருந்தால், அல்லது முடிந்து சில வாரமே ஆகியிருந்தால், பறவை இன்னும் கொஞ்சநாள் கூடத்திலேயே இருக்கட்டும்.